டாடா இன்ஸ்டிடியூட் திறந்த நாள்: எந்த வரிசையில் நிற்கலாம், போகவர வழியில் எங்கே நிறுத்தலாம்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், அதாவது டாடா இன்ஸ்டிடியூட், ஆண்டில் ஒரே ஒரு நாள் தன் ஆய்வகங்களை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. நிறுவனர் ஜாம்செட்ஜி டாடாவின் பிறந்தநாள் மார்ச் 3. அதையொட்டி, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ ஒரு சனிக்கிழமை அந்த நாள் வரும். காலை 9 முதல் மாலை 5 வரை. கட்டணம் கிடையாது. 1909-ல் தொடங்கிய நிறுவனம். ஏறக்குறைய 400 ஏக்கர் வளாகம். 40-க்கும் மேற்பட்ட துறைகள். எட்டு மணி நேரத்தில் கால்வாசி பார்த்தாலே பெரிய விஷயம். அதனால் எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போக வேண்டும்.

அதற்கு ஒரு அளவுகோல் போதும். கருவி எந்த இடத்தில் நின்று வேலை செய்கிறதோ, அந்த இடத்துக்கே உங்களைக் கூட்டிப் போகும் ஆய்வகத்துக்குப் போங்கள். மேசை போட்டு, தெர்மோகோல் மாதிரியும் சுவரொட்டியும் வைத்திருக்கும் இடங்களைத் தாண்டிவிடுங்கள். ட்ரோனையும் நடக்கும் ரோபோவையும் எந்தக் கல்லூரி விழாவிலும் பார்த்துவிடலாம். விண்வெளிப் பொறியியல் துறையின் திறந்த சுற்றுக் காற்றுச் சுரங்கத்தை (மாதிரி விமானத்தின் மேல் காற்றை ஓட்டி விசையை அளக்கும் பெரிய குழல்) யாரும் லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுவர முடியாது. அதன் சோதனைப் பகுதியின் குறுக்களவு மட்டுமே 14 அடிக்கு 9 அடி. காற்று உள்ளே நுழையும் வாய் அதைவிடப் பல மடங்கு அகலம். அந்த வாய் ஏன் அப்படிப் படிப்படியாகக் குறுகுகிறது, வலைகளும் தேன்கூடு போன்ற தடுப்பும் எதற்கு என்று கேளுங்கள். வெளிக்காற்று சுழலோடும் குளறுபடியோடும்தான் வரும். அதைச் சீவி நேராக்காமல் மாதிரி விமானத்தின் மேல் விட்டால், தராசு காட்டும் விசை விமானத்துடையதா காற்றின் கிறுக்குத்தனமா என்று பிரிக்க முடியாது. ஓட்டிக் காட்டும் நேரம் எது என்பதை மட்டும் உள்ளே நுழைந்தவுடன் விசாரித்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களை அந்த நேரத்துக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம்.

அதே துறையில் பலரும் கவனிக்காமல் போகும் ஒரு சின்னப் பொருள் உண்டு: ரெட்டி குழாய். இங்கே பேராசிரியராக இருந்த கே.பி.ஜே. ரெட்டியின் பெயரால் வழங்குகிறது. கையால் தள்ளி அதிர்வலை உண்டாக்கும் எஃகுக் குழாய். இரண்டு துண்டுகளுக்கு நடுவே மெல்லிய காகிதத் தாள் ஒன்றை இறுக்கியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் தண்டைத் தள்ளத் தள்ளக் காற்று நெரியும். ஒரு கட்டத்தில் தாள் 'டப்' என்று கிழியும். கிழிந்த கணத்தில் மறுபக்கக் குழாயில் ஒலியைவிட வேகமான அலை ஓடுகிறது. கிழிந்த தாளைக் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவிலிருந்து இதழ் இதழாகப் பிரிந்திருந்தால் அலை சுத்தமாகப் போயிருக்கும். ஓரத்தில் மட்டும் பிய்ந்திருந்தால் தாள் சரியாக இறுகவில்லை. திரையில் அழுத்தக் கோடும் செங்குத்தாக ஏறாமல் சாய்ந்து ஏறியிருக்கும். ராட்சத எந்திரம் தேடிப் போகிற கூட்டம் இதைத் தாண்டிப் போய்விடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிர்வலை என்றால் என்ன என்று புரியவைக்க இதைவிட நல்ல இடம் வளாகத்தில் இல்லை.

காலையில் முதல் வேலையாகப் போக வேண்டியது மின்பொறியியல் துறையின் உயர் மின்னழுத்த ஆய்வகம். செயற்கை மின்னலைக் காட்டுவார்கள். கூடத்தில் பாதுகாப்பான தூரத்தில் நிற்கக்கூடிய அளவுக்கு மட்டுமே ஆட்களை விட முடியும் என்பதால் காட்சி தொகுதி தொகுதியாகத்தான் நடக்கும். 9 மணிக்கே போனால் முதல் சில தொகுதிகளில் இடம் கிடைக்கும். 11 மணிக்கு மேல் போனால் வரிசையிலேயே அரை நாள் கரையும். அடுக்கடுக்காக நிற்கும் மின்தேக்கிகளைப் பாருங்கள். அவற்றைத் தனித்தனியாக இணையிணைப்பில் மின்னேற்றி, ஒரே கணத்தில் தொடரிணைப்பாக மாற்றிவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் மின்னழுத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி உச்சியில் லட்சக்கணக்கான வோல்ட் நிற்கிறது. மின்தடைக் காப்புப் பீங்கான்களையும் மின்மாற்றிகளையும் சோதிக்கப் பயன்படுத்தும் அலைக்குத் தரஅளவு உண்டு: 1.2 மைக்ரோ நொடியில் உச்சம், 50 மைக்ரோ நொடியில் பாதியாக இறக்கம். இதனால்தான் கைப்பேசியில் புகைப்படம் எடுக்கப் பார்ப்பவர்கள் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பொத்தானை அழுத்துவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சாதாரண வீடியோவைத் தொடர்ந்து ஓடவிட்டு, பிறகு அதிலிருந்து ஒரு ஃப்ரேமைப் பிரித்தெடுங்கள். படத்தின் ஒரு பட்டை மட்டும் வெளுத்து மற்றது இருட்டாக இருந்தால் கைப்பேசி கெட்டுவிடவில்லை. அதன் உணரி வரிவரியாகப் படிக்கிறது. மின்னல் ஒளிர்ந்த கணத்தில் ஒளியை வாங்கிக்கொண்டிருந்த வரிகளில் மட்டும் அது பதிகிறது. சின்னக் குழந்தைகள் காதை முன்கூட்டியே பொத்திக்கொள்ளட்டும். சத்தம் எதிர்பார்ப்பதைவிடப் பெரிது.

திரவ நைட்ரஜன் பல இடங்களில் இருக்கும். ரோஜாவை உறையவைத்து உடைப்பது, பலூனைச் சுருக்குவது எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அதற்காக வரிசையில் நிற்க வேண்டாம். மீக்கடத்தி, அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள், காந்தத்தோடு மிதப்பதைக் காட்டும் இடத்தில் நில்லுங்கள். நாணயத்தைவிடச் சற்றே பெரிய கறுப்புப் பீங்கான் வில்லை அது. இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் சேர்ந்தது. மைனஸ் 181 டிகிரிக்குக் கீழே போனால்தான் மீக்கடத்தியாகும். திரவ நைட்ரஜன் மைனஸ் 196-ல் இருப்பதால் 15 டிகிரி கையிருப்பு. நைட்ரஜனை ஊற்றியவுடன் வில்லையை எடுத்தால் மிதக்காது. குமிழி கொதிப்பது அடங்கும்வரை பொறுக்க வேண்டும். அதிலும் முக்கியமான வித்தை, வில்லைக்கும் காந்தத்துக்கும் நடுவே கனமான அட்டைத் துண்டு ஒன்றை வைத்துச் சேர்த்தே குளிர்விப்பது. அப்படிச் செய்தால் காந்தக் கோடுகள் வில்லைக்குள் மாட்டிக்கொள்ளும். அட்டையை உருவிய பிறகும் அதே இடைவெளியில் நிற்கும். தலைகீழாகத் திருப்பினாலும் தொங்கும். காந்தம் இல்லாமல் தனியே குளிர்வித்துவிட்டு அப்புறம் மேலே வைத்தால் தடுமாறி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டையும் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். மாணவர்கள் சந்தோஷமாகச் செய்வார்கள். காட்சி முடிந்ததும் வில்லையை உடனே துடைத்து உலர்த்துவதையும் கவனியுங்கள். பனி உருகி ஈரம் ஏறினால் அந்தச் சேர்மம் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும்.

நைட்ரஜன் பக்கத்தில் குழந்தையை நிறுத்தும் பெற்றோருக்கு ஒன்று. தோலில் ஒரு துளி தெறித்தால் ஆவிப் படலத்தின் மேல் உருண்டு ஓடிவிடும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஷூவுக்குள்ளோ இறுக்கமான துணிக்குள்ளோ தேங்கினால் தீப்புண் மாதிரியே கொப்பளிக்கும். காட்டுபவர்கள் தொளதொளவென்ற கையுறை போட்டிருப்பதும் அதனால்தான், சட்டென்று உதறிவிடலாம். செருப்பைவிட மூடிய ஷூ நல்லது. அன்றைக்கு நடக்கப்போகும் தூரத்துக்கும் அதுதான் சரி.

நானோ அறிவியல் பொறியியல் மையத்தின் தூய்மை அறைக்குள் பார்வையாளர்கள் போக முடியாது, போகவும் கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அப்படியும் இது பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளே ஒரு பகுதி முழுக்க மஞ்சள் வெளிச்சம். சிலிக்கான் தகட்டின் மேல் பூசும் ஒளியுணர் பூச்சு நீலத்துக்கும் புற ஊதாவுக்கும் மட்டும் வினைபுரியும். வெள்ளை விளக்கு போட்டால் வரைவதற்கு முன்பே தகடு முழுதும் 'படம் பிடித்து' வீணாகிவிடும். தலை முதல் கால்வரை மூடிய உடையும் மனிதர்களைக் காக்க இல்லை. தோல் செதிலிலிருந்தும் முடியிலிருந்தும் தகட்டைக் காக்க.

பிற்பகலில் கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது சூழலியல் மையத்துக்குப் போய்விடுங்கள். ஒப்பீட்டளவில் அமைதி. பல்லாண்டுகளாக இங்கே காகிதக் குளவிகளை ஆராய்ந்து வருகிறார்கள். ஒவ்வொரு குளவியின் முதுகிலும் வண்ணப் புள்ளி வைத்து, அதைப் பெயர் சொல்லாத குறையாக அடையாளம் கண்டு, யார் உணவு தேடிப் போனாள், யார் கூட்டிலேயே இருந்தாள் என்று மணிக்கணக்கில் குறிப்பெடுக்கிற வேலை. தாவர உலர்தொகுப்பு அறையும் இங்கேதான். நம் ஊர் மலைகளில் பறித்த செடி ஒன்று பல பத்தாண்டுக்கு முன் அழுத்தி ஒட்டிய தாளில், பறித்த இடமும் தேதியும் எழுதி இருப்பதைப் பார்க்கும்போது, ஆய்வு என்பதில் பெரும்பங்கு பொறுமைதான் என்று பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் நிலைத்த தொழில்நுட்பங்களுக்கான மையத்தைத் தேடிப் போங்கள். 1974-ல் அஸ்த்ரா என்ற பெயரில் தொடங்கிய கிராமத் தொழில்நுட்ப முயற்சியின் வாரிசு இது. மண்ணோடு 6 முதல் 8 சதவீதம் சிமென்ட் கலந்து கைநெம்புகோலால் அழுத்தும் மண்கல் பற்றி இங்கே கேட்டுத் தெளியலாம். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். தவறு நடப்பது பெரும்பாலும் மண் தேர்வில். களி அதிகமான மண்ணை அப்படியே அழுத்தினால் காயும்போது வெடிக்கும். மணல் சேர்த்து இளக்க வேண்டும். அடுத்த தவறு, அச்சிலிருந்து எடுத்த கல்லை வெயிலில் விட்டுவிடுவது. சிமென்ட் இருக்கிறதென்றால் மூன்று வாரமாவது நனைத்து மூடிவைக்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு வருபவர்கள் இளநிலைப் படிப்பு பற்றிய விளக்க மேசைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இளநிலை அறிவியல் படிப்பு 2011-லும், கணிதம் மற்றும் கணினி பி.டெக். 2022-லும் தொடங்கின. எந்த நுழைவுத்தேர்வின் மதிப்பெண் செல்லும் என்பது காலப்போக்கில் மாறியிருப்பதால், பழைய யூடியூப் காணொளியை நம்பாமல் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வு மாணவர்களிடம் "மார்க் எவ்வளவு வேண்டும்" என்பதோடு நிறுத்தாமல் "இந்தக் கருவி கடைசியாக எப்போது பழுதானது, நீங்கள் என்ன செய்தீர்கள்" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் ஐந்து வருட ஆய்வு வாழ்க்கையே தெரிந்துவிடும். விளக்கம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் ஓடும். தமிழ் பேசும் மாணவர் யாராவது இருக்கிறாரா என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

குறைகள் என்றால் கூட்டமும் தூரமும். துறைகள் வளாகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. வரைபடத்தில் பக்கத்தில் தெரிவது வெயிலில் 15 நிமிட நடை. பகல் 12.30 முதல் 2 வரை சாப்பாட்டுக் கடைகளில் நெரிசல். காலையிலேயே தயிர்சாதமோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போய், பிரதானக் கட்டடத்துக்கு முன்னால் மரநிழலில் 12 மணிக்கே முடித்துவிட்டால், மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில் வரிசை குறைந்த ஆய்வகங்களில் நுழையலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும். 8 வயதுக்குக் கீழான குழந்தை இருந்தால் மூன்று ஆய்வகம், அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். 4 மணிக்கு மேல் சில துறைகளில் பொருள்கள் தீர்ந்து, விளக்குபவர்களின் தொண்டையும் கட்டியிருக்கும்.

காரை வளாகத்துப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். மல்லேஸ்வரம், யஷ்வந்த்பூர் தெருக்களில் அன்று இடம் தேடுவது வீண். ஓசூர் வழியாக வருபவர்களுக்கு இப்போது நல்ல வழி இருக்கிறது. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை ஓடுகிறது. அந்தத் தடத்தை ஒட்டி அறை எடுத்து, காரை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் சாண்டல் சோப் ஃபேக்டரி நிலையத்திலோ யஷ்வந்த்பூரிலோ இறங்கலாம். அங்கிருந்து ஆட்டோ. "டாடா இன்ஸ்டிடியூட்" என்று சொல்லுங்கள். ஊர்க்காரர்களின் வாயில் வழங்கும் பெயர் அதுதான்.

மாலையில் பசியோடு வெளியே வந்தால் மல்லேஸ்வரம் நடந்துபோகும் தூரம்தான், கால் ஒத்துழைத்தால். சி.டி.ஆர். கடையில் வெண்ணெய் மசால் தோசை: வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து, தேங்காய்ச் சட்னி மட்டும்தான், சாம்பார் கிடையாது. சனி மாலை வரிசை நீளம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் மறுநாள் காலை வீணா ஸ்டோர்ஸில் இட்லி. அங்கே நாற்காலி கிடையாது. தெருவோரம் நின்றபடி சாப்பிட வேண்டும். வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வழி. சென்னையிலிருந்து போகும்போது வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழி ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வெள்ளி காலை 8 மணிக்குக் கிளம்பினால் ஆம்பூரில் தம் உடைக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். புறவழிப் பாலத்தில் ஏறிவிடாமல் ஊருக்குள் இறங்குங்கள். நல்ல ஆம்பூர் பிரியாணியில் சீரகசம்பா அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். காரம் பச்சை மிளகாயிலிருந்து வராது, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதிலிருந்து வரும். அதனால் சோற்றில் லேசான செம்மை படர்ந்திருக்கும். பக்கத்தில் புளிப்பான கத்தரிக்காய் வந்தே ஆக வேண்டும். மசாலா வாசனை மூக்கைத் துளைத்தால் அது வேறு ஊர்ப் பிரியாணி. பகல் இரண்டரைக்கு மேல் போனால் அண்டாவின் அடிச்சோறுதான்.

அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வாணியம்பாடி. அங்கே ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையில் ஏறினால் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி யுரேனஸின் வளையங்களை 1977-ல் உறுதிசெய்ய உதவியது. 1986-ல் வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இங்கே. பார்வையாளர் நாள் சனிக்கிழமை, திறந்த நாளும் சனிக்கிழமை. ஒரே பயணத்தில் இரண்டையும் அடைக்கப் பார்க்காதீர்கள். காவலூருக்கென்று தனியே ஒரு சனிக்கிழமை, பௌர்ணமி தவிர்த்து, மழைக்காலம் தவிர்த்து.

திரும்பும்போது கோலார் வழியாக வாருங்கள். ஞாயிறு காலை கிளம்பினால் 100 கிலோமீட்டர் தொலைவில் கோலார் தங்கவயல். வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வெட்டிய சுரங்கங்கள். இன்றும் தெருவெல்லாம் தமிழ் கேட்கும். காவிரியின் ஷிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே இங்கே மின்சாரம் வந்துவிட்டது, பெங்களூருக்கு முன்பாகவே. சேம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் ஆழம். மேலே உள்ள பாறை விண்கதிர்த் துகள்களை வடிகட்டிவிடும் என்பதால் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் விஞ்ஞானிகள் இங்கே கருவிகளை இறக்கி, பாறையையும் ஊடுருவி வரும் நுண்துகளான வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தை 1965-ல் பதிவுசெய்தார்கள். முந்தைய நாள் ஆய்வகங்களைச் சுற்றிய பிள்ளைக்கு இதைச் சொல்லிவிட்டுச் சுரங்கக் கோபுரங்களைக் காட்டுங்கள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. உள்ளே போக வழியில்லை, வேலிக்கு வெளியிலிருந்துதான்.

ஊரைச் சுற்றி வெளிறிய மேசைமலைகள் போல நிற்பவை சயனைடு மேடுகள். தங்கம் பிரித்த பிறகு கொட்டிய பாறைத்தூள். படம் எடுக்க ஏறாதீர்கள். மேற்புறம் மழையில் அரித்துக் குடைந்திருக்கும், கால் வைத்த இடம் சரியும். காற்று வீசும் மாதங்களில் பறக்கும் தூள் நுண்ணிய சிலிக்கா. ஆஸ்துமா உள்ளவர்கள் கார்க் கண்ணாடியை ஏற்றியே வைத்திருங்கள்.

பக்கத்திலேயே கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயில். 108 அடி உயர லிங்கம், எதிரே 35 அடி நந்தி, சுற்றிலும் பக்தர்கள் காணிக்கையாக நிறுவிய லிங்கங்கள் வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. கற்தரை நண்பகலில் தகிக்கும். 10 மணிக்குள் போங்கள், இல்லாவிட்டால் கனமான காலுறை கொண்டுபோங்கள்.

தங்கவயலிலிருந்து முல்பாகல் போகும் சாலையில் பேத்தமங்கலா வரும். பாலாற்றை மறித்துக் கட்டிய ஏரி இது. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் கொடுத்தது. போகும்போது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் மணலாகப் பார்த்த அதே பாலாறு. கரையில் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நடந்துவிட்டு, முல்பாகலில் நெய்யில் சிவந்த தடித்த தோசை சாப்பிட்டு, பலமநேர், சித்தூர், ராணிப்பேட்டை வழியாகக் கிளம்பினால் போதும். பலமநேர் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல் கியரைக் குறைத்து இறங்குங்கள், லாரிகள் அதிகம். முல்பாகலை 2 மணிக்குள் விட்டால் ஞாயிறு மாலை ஸ்ரீபெரும்புதூர் நெரிசலின் மோசமான பகுதிக்கு முன்பே சென்னைக்குள் நுழைந்துவிடலாம்.